பூச்சியின் ஊர்

நவ. 8, சனி
இருட்டிக்கொண்டு நிற்கிறது, மழை இல்லை. கிளினிக். ஒப்பரேஷன் தையல் காய்ந்துவிட்டது. ஈரலில் இருந்து எடுத்தது நாடாப்புழுவின் குஞ்சு வளர்ந்த நீர்க்கட்டியாம். நாயின் கழிவிலிருந்து வாய்க்குள் போகுமாம். “சவூதியில என்ன வேலை செஞ்சீங்க?” என்றார் டொக்டர். பக்கத்தில் என் மனைவி ஸித்தி. ட்ரைவர் என்றேன். எந்த இனப் புழு என்று மரபணு பார்க்கக் கட்டியிலிருந்த தண்ணீர் கொழும்புக்குப் போயிருக்கிறது.

பாலாவியில் பஸ் இறங்கியதும் ஸித்தி: “பக்கத்து வீட்டு ஜிம்மிதான். வேற எந்த நாய்?”

முன்னால் நடந்தேன்.

நவ. 9, ஞாயிறு
வெயில். மாத்திரை, பால்மா வாங்க வேண்டும்.

ஸித்தி வேலியில் நின்று கதைத்தது அறைக்குள் கேட்டது. “எங்கட ஜிம்மி உங்கட வளவுக்கே வாறதில்லையே,” என்று சாந்தி அக்கா. பிறகு அழுகை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜிம்மியை த்ரீவீலில் ஏற்றி வண்ணாத்திவில்லுக்கு, அவருடைய தங்கச்சியின் தோட்டத்துக்கு அனுப்பினார். வாலை ஆட்டிக்கொண்டு ஏறியது. ஜன்னல் சீலையை இழுத்துவிட்டேன்.

சவூதியில் நான் கார் ஓட்டவில்லை. ஒட்டகம் மேய்த்தேன். குளிருக்குக் காவல் நாய்களோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன். இங்கே எல்லாருக்கும் நான் ‘ட்ரைவர்’. யாராவது கார் ஓடச் சொன்னால் உடனே முதுகுவலி. வெட்கங்கெட்ட பிறவி.

நவ. 11, செவ்வாய்
தூறல். டொக்டரின் போன். ஸ்பீக்கரில் போட்டது ஸித்தி.

“மரபணு பாத்திட்டாங்க. ஒட்டகத்திலயும் நாயிலயும் மாறி மாறி வாழுற இனம். இங்கத்த நாயால வந்திருக்காது.”

ஸித்திக்குச் சிரிப்பு. “ஒட்டகமா? இவர் கார் ஓடினவர், டொக்டர்!”

ஈரலில் இருந்த பூச்சிகூடத் தன் ஊரை மாற்றிச் சொல்லவில்லை.

“ஒட்டகம்தான் மேய்ச்சேன்,” என்றேன். ஸித்தி போனை வைத்தாள்.

பிறகு ஸித்தி: “மேய்ச்சா மேய்ச்சதுதானே. அதுக்காக ஒரு வாயில்லா சீவன ஊர விட்டு அனுப்புறத பாத்துக்கிட்டு இருந்தீங்களா? தொண்ணூறில, முஸ்லிம் சனம் எண்டு, எங்களயும் மன்னாரால இப்பிடித்தானே அனுப்பினாங்க.”

தேத்தண்ணி ஆறிப்போனது.

நவ. 12, புதன்
காலையில் சாந்தி அக்கா வீடு. நான் வாய் திறக்குமுன் அவர்: “தம்பி, காயம் ஆறிட்டா? எங்கட நாயால உங்களுக்கு இப்பிடி... மன்னிச்சுக்கொள்ளுங்க.”

செத்துவிடலாம் போல இருந்தது. “ஜிம்மியில பிழையில்ல அக்கா. நான்தான் பொய் சொன்னேன்.” எல்லாம் சொன்னேன். அவர் உடனே தங்கச்சிக்குப் போன் எடுத்தார்.

முந்தாநாளே ஜிம்மி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். இந்தப் பக்கமாகத்தான். ரோட்டெல்லாம் லொறி.

பின்னேரம் மழை. எங்கள் கேற்றைச் சாத்தப் போனேன்.

“விடுங்க,” என்றாள் ஸித்தி. “திறந்தே கிடக்கட்டும்.”