மதிலுக்குள் இருந்தது

12 ஏப்ரல் 2068, காலை 7.10
காராகும் பாலைவனம், துர்க்மெனிஸ்தான். பெயர் தெரியாத, பார்த்தியப் பேரரசுக் காலத்து நகரம்; கைவிடப்பட்டு ஈராயிரம் ஆண்டு ஆகிறது. வெப்பம் 24 டிகிரி. வட்ட மதில், உயரம் ஒன்பது மீட்டர், ஒரே வாசல். மணல் புகாமலிருக்க அதில் தகரக் கதவு மாட்டியிருக்கிறோம். உள்ளே இருவர்: நில இயற்பியலாளர் பூங்கோதை, அதாவது நான், தோண்டுவதில் கைதேர்ந்த உள்ளூர்க்காரர் ஓராஸ். முகாம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே ரேடியோவில் சகாயம், தூத்துக்குடிக்காரன்.

12 ஏப்ரல், காலை 11.40
மதிலில் அம்பு எய்யும் துளைகள். எல்லாமே நகரத்தின் உட்புறத்தைக் குறிபார்க்கின்றன. வாசலில் தாழ்ப்பாள் குழிகளும் வெளிப்பக்கம்தான். இது கோட்டையில்லை, சிறை என்றார் ஓராஸ். சிரித்தோம்.

13 ஏப்ரல், காலை 9.25
கோயில் மேட்டுக்கு அடியில் ஓர் அறை. வாசல் கிடையாது, நாலாபுறமும் தார் பூசி அடைத்திருக்கிறார்கள். துளைப்பானை இறக்கினேன். அதில் பொருத்திய கேமராவில் எலும்புகள், அறுபது பேராவது இருப்பார்கள். அவற்றின் மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாக ஏதோ. துளைப்பானைக் குளிர்விக்கும் தண்ணீர் அதன் முனையிலிருந்து சொட்டியது. சொட்டிய இடத்தை நோக்கி அந்த வெள்ளை நகர்ந்தது.

13 ஏப்ரல், காலை 10.30
துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டோம். ஓராஸ் இருமுகிறார். முகமூடி போடச் சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. நானும் போடவில்லை.
"சகாயம், ஓராஸுக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைக் கூட்டிட்டு வா."
"டாக்டர் சாயங்காலம்தான் வர்றாருக்கா. விடிஞ்சதும் கிளம்பிடுறோம்."

13 ஏப்ரல், மாலை 4.15
ஓராஸ் இறந்துவிட்டார். தண்ணீர், தண்ணீர் என்றே கேட்டார். குடித்ததெல்லாம் வாயோரம் வெள்ளையாகப் பூத்தது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் கொடுத்திருந்தார். முகாமுக்கு எப்படிச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

14 ஏப்ரல், காலை 6.20
நேற்றே சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துவிட்டது, குரல் இல்லை. ரேடியோ பட்டனை விட்டு விட்டு அழுத்தினேன்.
"அக்கா, கரகரன்னு சத்தம் மட்டும் வருது. கிளம்பிட்டோம். தைரியமா இருங்க."
அவன் வரக் கூடாது. நானும் வெளியே போகக் கூடாது. இந்த மதிலை எதற்குக் கட்டினார்கள் என்று இப்போது தெரிகிறது. கதவிடுக்குகளில் களிமண் பூசினேன். ஓராஸின் உடலைத் தார்ப்பாயால் மூடியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். அவர் முகம் தெரியவில்லை. முழுக்க வெள்ளை.

7.45
தார்ப்பாயில் அடுப்புக்கரியால் 'வராதே' என்று எழுதி மதில்மேல் ஏறினேன். ஏற அரை மணி. இனி இறங்க முடியாது. தொலைவில் வண்டி. புழுதிக் காற்று. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஆட்டினேன்.
"அக்கா! துணி ஆட்டுறீங்க, தெரியுது! எங்களைப் பாத்துட்டீங்க! அங்கேயே இருங்க, இதோ வந்துட்டோம்!"

8.02
கீழே இருவர். டாக்டருக்கு முகமூடி இல்லை. செங்கல் ஒன்றை எறிந்தேன். கையிலிருந்து நழுவி விழுந்ததாக நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.
"கதவு மண்ணுல இறுகிக் கிடக்குக்கா. உடைச்சிடுறேன்."

8.06
திறந்துவிட்டான்
காற்று உள்ளிருந்து வெளியே வீசுகிறது