உனக்கு அடுத்து முழங்காலிட்டவன்

பிளாஸ்டிக் கப்பின் மூடியை உரித்ததும் திராட்சைச் சாறு இருமல் மருந்துபோல மணந்தது. நம் சபையில் இப்போது திருவிருந்து இப்படித்தான். ஆளுக்கொரு கப், உள்ளே ஒரு வாய்ச் சாறு, மூடிமேல் காலாவதித் தேதி. கொவிட் போய்விட்டது, கப் போகவில்லை. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடித்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், சபைக் குழுவில் இருக்கும் அக்கா, "ஹைஜீன் லா, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். அதே மூச்சில், பொங்கோல் அடுக்குமாடியில் மகனுக்கு வீடு கிடைத்தது கிருபை என்கிறார். அந்த வீட்டைக் கட்டியவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்ததற்கு என்ன பெயர் என்று அக்கா சொல்லவில்லை.

உனக்கு நினைவிருக்கும். ஞாயிறு மாலை, விடுதிகளிலிருந்து கட்டுமான ஊழியர்கள் நம் சபை இருக்கும் ஃபேரர் பார்க்கில் வந்து இறங்கியதும் நம் ஆட்களுக்குப் பக்தி பெருகும். அவர்களுக்கு முன்பே பீடத்தண்டை போய் முழங்காலிட ஓர் அவசரம். அவர்கள் வாய் வைத்த பாத்திரம் நம்மிடம் வந்துவிடக் கூடாது. சபை ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார்தான்; ஆனால் துணி ஒன்றுதானே. இப்படியெல்லாம் யோசித்தவர்களில் நானும் ஒருவன். நீ மட்டும் வேண்டுமென்றே காத்திருந்து கடைசியில் போவாய்.

"உனக்கு அருவருப்பா இல்லையாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குமட்டும்டா. முழுங்கிட்டு ஆமென் சொல்லுவேன். தகுதி இல்லாதவனுக்குக் கெடைக்கிறதுதான் கிருபைன்னா, பக்கத்துல இருக்கறவன் தகுதிய நான் எதுக்கு மோந்து பாக்கணும்?"

நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டினேன். பாராட்டுவது எனக்கு எப்போதும் சுலபம்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் தாடையில் வடிய நீ பீடத்தண்டை வந்தாய். அடுத்து முழங்காலிட்டிருந்தவன் நான், நாற்பது வருட நண்பன். நீ குடித்தாய். பாத்திரத்தின் விளிம்பிலிருந்து நூல்போல ஒன்று தொங்கியது. "முட்டி வலிக்குது" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனேன். பின்னாலிருந்து ஒரு கட்டுமானத் தம்பி வந்து என் இடத்தில் முழங்காலிட்டுக் குடித்தான். பிறகு தன் கைக்குட்டையால் உன் தாடையைத் துடைத்தான்.

அன்றிலிருந்து ஃபோனில் நீ குழறிக் குழறி முதலில் கேட்டது ஒன்றுதான்: "முட்டி எப்படிடா இருக்கு?"

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, பாதி குடித்த மைலோவை என் பக்கம் தள்ளினாய்.

"குடி."

கப்பின் விளிம்பில் உன் எச்சில் மினுங்கியது.

"சுகர் லா," என்றேன்.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. முந்தின வாரம்தான் உன் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு பெட்டி ஜிலேபியைத் தின்று தீர்த்திருந்தேன். நீ பாதி வாயால் சிரித்தாய்.

"சரிடா. அடுத்த தடவ."

அடுத்த தடவை இல்லையென்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். உனக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாய்.

இப்போது நான் பின் வரிசையில் உட்காருகிறேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. வேலைத்தளத்திலிருந்து நேராக வரும் தம்பிகள் நெருக்கி உட்காரும்போது, வியர்வையும் சிமெண்டும் கலந்த வாடையில் வயிறு இன்றும் புரட்டுகிறது. அதைவிட, புரட்டுகிற அந்த வயிற்றை நினைத்தால்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

போன வாரம் ஒரு தம்பி பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். "அண்ணே, வேணுமா?"

வாங்கினேன். சட்டை நுனியால் விளிம்பை நன்றாகத் துடைத்தேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு குடித்தேன்.

உன்னிடமிருந்து எனக்கு இதுவரை வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.