சீப்புப் பிடிக்காத அந்துப்பூச்சி

என் பகல்தூக்கச் சின்ன மாமாவுக்கு,

உங்கள் படத்தடிக்கு நேற்று ஒரு விருந்தாளி வந்திருக்கிறது. அதன் புண்ணியத்தில் அம்மா என்னையும் சேர்த்து அறைக்குள் அடைத்துவிட்டார்.

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனபின் கடைப் பூ வைக்க எனக்கு மனம் வரவில்லை. லா சப்பல் ரயில் ஸ்டேஷன் தண்டவாள வேலியோரம் தானாய் முளைத்த வெள்ளைப் பூக்களைப் பிடுங்கி வந்தேன். நீங்கள் வேலைக்கு இறங்கும் மாலைகளில் நீங்களும் நானும் அந்துப்பூச்சி தேடிய அதே இடம். இரவு முழுக்க உங்களுக்கு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவும் வேலை. பகலில் விசா இல்லாத பயம்.

"அசையாமல் இருந்தா ஒருதரும் காணமாட்டாங்களடா" என்பீர்கள். பூவோடு ஒட்டிக்கிடக்கும் பூச்சியைக் காட்டி நீங்கள் "பூ!" என்பீர்கள். அது அசைந்ததும் நான் "ச்சீ!" என்பேன். எங்கள் பூச்சி சாஸ்திரம் அவ்வளவுதான்.

இந்த முறை பூவோடு ஒரு "ச்சீ"யும் வந்துவிட்டது. சாம்பல் நிறம், இறகை விரித்துப் படுத்தபடி. கண்டதும் அம்மா யன்னலைச் சாத்தினார்.

"என்ர தம்பி வந்திருக்கிறான். ஒருதரும் திறக்கப்படாது."

அறை வேகிறது, பூ வாடுகிறது. இப்படியே விட்டால் அது செத்துப்போகும். அம்மா உங்களுக்காக இன்னொரு தடவை அழுவதை நான் எப்படிப் பார்ப்பேன்?

கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன்.

"அம்மா, இது மாமா இல்லை, மாமி! தலையில இருக்கிற கொம்பைப் பாருங்கோ. இந்தச் சாதியில ஆம்பிளைக்குச் சீப்பு மாதிரி இருக்கும். இதுக்கு வெறும் நூல்."

"உன்ர மாமா எப்பயடா சீப்புப் பிடிச்சவன்?"

தோற்றுவிட்டேன், மாமா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபடியே அம்மா அழுதார்.

"உயிரோட இருக்கேக்கையும் மாமா இந்த அறைக்குள்ளதானே அம்மா அடைஞ்சு கிடந்தவர்?"

அம்மா எழுந்து போய் யன்னல் பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை. முன்பு நீங்கள் வேலைக்கு இறங்கும்போதெல்லாம் என்னிடம் சொன்னதைத்தான் இப்போது அம்மாவும் சொன்னார்.

"கீழ கொன்ரோல் நிக்குதோ எண்டு பார்."

மறித்து விசா கேட்கும் பொலிஸை உங்களுக்காக எட்டிப் பார்த்துப் பழகிய கழுத்து, தானாய் நீண்டது. தெரு நிறையச் சனம். பொலிஸ் இல்லை.

"இல்லை அம்மா. மாமா போகலாம்."

அம்மா திறந்துவிட்ட யன்னல் அப்படியே கிடக்கிறது. பூச்சி இன்னும் அசையவில்லை. பயமா, மாமா? இல்லை, வேலைக்கு நேரமாகவில்லையா?

இருட்டும்வரை யன்னலடியை விட்டு நகரமாட்டேன். யாராவது வந்தால் விசில் அடிப்பேன்.

வழக்கம்போல் உங்களுக்குக் காவல் நிற்கும்,
அக்காவின் மகன்