படகுக்காரன் கேட்ட கேள்வி

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு மெர்சி எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நான் கோபமாகவும் இருக்கிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் புதன்கிழமை அங்கே வரும் உங்கள் கம்பெனி மோசஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனீர்கள், அந்த மொழியையும் கற்றுக்கொண்டீர்கள், சந்தோஷம். அதற்காக நம் விளையாட்டில் கை வைக்கச் சொன்னது யார்? கல்யாணமான புதிதில், கவரைப்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து நீங்கள் தூக்கி வந்த வீடியோ கேம் பெட்டி அது. நாம் பிறப்பதற்கு முன்பே, எண்பதுகளில், ஜப்பானில் செய்தது. கூடவே ஒரே ஒரு கேசட். மொபைல் கடை பரத் நெட்டெல்லாம் தேடிவிட்டு, இப்படி ஒரு கேமே இல்லை அக்கா என்று சத்தியம் செய்தான்.

நீலத் துண்டு போட்ட ஒருவன், ஏழு வீட்டு ஊர், ஓர் ஆறு, ஒரு படகுக்காரன். ஓர் எழுத்தும் நமக்குப் புரியாது. கிணற்றடிப் பெண் கட்டம் நிறைய ஏதோ சொல்வாள். நீங்கள் உங்கள் அம்மா குரலில், "வா நைனா, சோறு துன்னுட்டுப் போ" என்பீர்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அத்தை கர்த்தரிடம் போன பிறகும் கிணற்றடிப் பெண் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் அந்தக் கட்டத்தை நான் எடுத்து அனுப்பிய போட்டோவைப் படித்துவிட்டு, தெற்குக் குகையில் வௌவால் ஜாக்கிரதை என்கிறாள் என்று எழுதுகிறீர்கள். வௌவாலாம்! யார் கேட்டது?

ஆட்டத்தை நிறுத்தினால் ஐம்பது எழுத்து பாஸ்வேர்டு வரும். முறுக்கு, தூண்டில், கூரை என்று எழுத்துக்குப் பேர் வைத்து நீங்கள் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் வரைவேன். நீங்கள் அனுப்பிய மிட்டாய் உறையை ஏஞ்சல் இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், "தூண்டில், முறுக்கு, முறுக்கு" என்று. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்குக் காலை ஷிப்டு போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கே கம்பெனி பஸ். மாடியில் காயப்போடும் துணியில் இன்னும் அதே பாக்டரிக் கரித்தூள்தான்.

படகுக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஏதோ கேட்பான், கீழே இரண்டு வரி வரும். நாம் எப்போதும் மேல் வரியையே அழுத்துவோம். உடனே நம்மைத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டுவிடுவான். அவன் கேட்பது 'ஊருக்குத் திரும்புகிறாயா?' என்று, மேலே ஆமாம், கீழே இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். "இன்னா மெர்சி, ஆறு வருசமா லூசு மாரி மேலயே அமுக்கிக்கினு இருந்துக்கிறோம்" என்று சிரித்தீர்கள். அதே வாயால், ஜப்பானிலேயே இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றும் சொன்னீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நம்முடைய ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு லூசுத்தனமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று வீம்புக்குக் கீழ் வரியை அழுத்தினேன். படகு அக்கரைக்குப் போனது. பெரிய ஊர், மாடி வீடுகள், விதவிதமான கடைகள். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. நீலத் துண்டுக்காரன் தெருத் தெருவாக நடந்தான். அவனைச் சாப்பிடக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. அணைத்துவிட்டேன். பாஸ்வேர்டு எழுதவில்லை.

மாசக் கடைசியில் உங்கள் மேனேஜர் காகிதத்தை நீட்டுவாரே, அவரும் படகுக்காரன் கேட்டதைத்தான் கேட்கப்போகிறார். உங்களுக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே. தெரிந்தே, நாம் எப்போதும் அழுத்துகிற வரியையே அழுத்துங்கள்.

உங்களைக் கொண்டுபோய் விட்ட கர்த்தர், கூட்டிக்கொண்டும் வரட்டும்.

கோபம் தீராத,
மெர்சி