முதல் சுற்றிலேயே விழுந்த மாலை

அன்புள்ள குணம் அண்ணை,

நீங்கள் போனபின் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? தோற்றுவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நிதானமாகச் சொல்லலாம்.

கனடாப் பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதிக்கு யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் கூட்டம், போன ஞாயிறு பின்னேரம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. போட்டியில் நின்றது மூன்று பேர்: இப்போதைய எம்.பி., ஒரு வழக்கறிஞர், நான். எம்.பி.யை உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்து பொன்னாடையும் வடையும் வாங்கிக்கொண்டு, அகதி வழக்குகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பவர். "நீ நில் பிள்ளை. தோத்தாலும் பரவாயில்லை, உவை எங்களைத் திரும்பிப் பாக்கட்டும்" என்று என் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னவர் நீங்கள். மோர்னிங்சைட் மாடிக் கட்டடங்களில் கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கட்சியில் சேர்த்தவரும் நீங்கள். கூட்டத்துக்கு மட்டும் இருக்கவில்லை. இலை உதிர்கிற நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். இது என்ன நியாயம், அண்ணை?

நீங்கள் சேர்த்த சனம் வந்தது. அந்தக் குளிருக்குள் பிள்ளைகுட்டியோடு, வாடகைக்குப் பிடித்த மஞ்சள் பஸ்ஸில் வந்தது. முதல் வாக்கெடுப்பில் நான்தான் முன்னுக்கு. ஆனால் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை. கடைசியாக வந்த வழக்கறிஞரை விலக்கிவிட்டு, எம்.பி.க்கும் எனக்கும் இன்னொரு வாக்கெடுப்பு என்று மேடையில் ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். கைதட்டலுக்குள் அது யார் காதில் விழும்? ஊரில் என்றால் அதிக வாக்கு எடுத்தவர் வென்றவர், அவ்வளவுதான். நீங்கள் சேர்த்தவர்களில் ஒருவரான தம்பர் அங்கிள் பிளாஸ்டிக் பைக்குள் இருந்து மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார்.

"பிள்ளை, வெண்டிட்டம்!" அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இல்லை அங்கிள், இன்னொருக்காப் போடவேணும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் சனமெல்லாம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. சேலையும் பூட்ஸும் மாலையுமாகக் கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். பஸ் வீதிக்கு ஏறிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சந்தோசமாக எனக்குக் கை காட்டினார்கள். எனக்காகத் தேர்தல் வேலை செய்தவர்கள் காரில் அதைத் துரத்திக்கொண்டு போனார்கள்; அவர்களும் நேரத்துக்குத் திரும்பி வரவில்லை. நான் பொதுத் தொலைபேசியில் வீடு வீடாக அடித்தேன். எல்லாரும் வழியில் இருக்கும்போது யார் எடுப்பது?

நீங்கள் இருந்திருந்தால் வாசலில் குறுக்கே நின்றிருப்பீர்கள். அந்த நேரம் உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே வந்தால், வரிசையில் எங்கள் ஆட்கள் என்று ஒரே ஒருவர். உங்கள் மனைவி, சாந்தி மச்சாள். செத்தவீட்டில் "உந்த எலெக்சன் அலைச்சல்தான் இவரைக் கொண்டுபோனது" என்று சொன்னவர், அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. அன்று அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"எல்லாரும் போயிட்டினம். நீங்கள் போகேல்லையோ, மச்சாள்?"

"ரெண்டாந்தரமும் போடவேண்டி வரும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமலே. "சாப்பிடேக்கையும் அந்த மனிசன் உந்த எலெக்சனை விட்டால் வேறை என்னத்தைக் கதைச்சது?"

நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பஸ் நின்றிருந்தால் வென்றிருப்பேன். எம்.பி. வந்து கை குலுக்கினார், முதல்முறையாக என் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது மச்சாள் காரை விட்டு இறங்காமல் இருந்தார்.

"அடுத்தது எப்ப?"

"நாலு வருசம் செல்லும், மச்சாள்."

"செல்லட்டும். நீ நில்."

நிற்பேன், அண்ணை. வெல்வேனோ தெரியாது. ஆனால் அந்த வரிசையில் மச்சாளை இனித் தனியே நிற்க விடமாட்டேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சி,
வதனி