ஆர்டர் எண்ணை மாற்றினால்

12.10.2006, வியாழன்

எங்கள் பனியன் கம்பெனியின் இணையக் கடைக்கு நிரல் எழுதியவள் நான். காலையில் மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் பேசினார்.

"என் ஆர்டர் நம்பரைத் தப்பா அடிச்சிட்டேம்மா. யாரோ ஒரு பொண்ணோட அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் வருது."

அவர் வாசித்தது என் முகவரி. சோதனைக்காக நானே போட்ட முதல் ஆர்டர் அது. மண்ணரையில் இருக்கும் என் வீடு, கதவு எண்ணோடு. உள்ளே வருபவரிடம் கடவுச்சொல் கேட்கும்படி எழுதியிருந்தேன். திறக்கும் ஆர்டர் அவருடையதுதானா என்று பார்க்கும்படி எழுதவே இல்லை.

முதலாளியிடம் ஓடினேன். "தீபாவளி ஆர்டர் வர்ற நேரத்துல கடைய மூடச் சொல்றியே கண்ணு?" என்றார். அவர் கணினியில், எனக்குத் தெரிந்த வேறொரு ஆர்டர் எண்ணை அடித்தேன். கோவையில் படிக்கும் அவர் மகளின் ஹாஸ்டல் அறை எண் திரையில் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இப்பவே மூடிப்போடு கண்ணு."

மூடினேன். அதன் பிறகுதான் சர்வரில் யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். போன வாரமே யாரோ ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, கடைசி ஆர்டர் வரை திறந்து பார்த்திருக்கிறார்.

யாரென்று தெரியவில்லை. முதலாளியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.