கடைச் சாவி எங்கே என்றால்

மருந்துக்கடை முதலாளிக்கு,

கடைச் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். நான்தான் எடுத்தேன். சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. ஆறிப்போயிருந்தால் நீங்களே சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று தையல்காரி வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்திலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த ஜிங்க் மாத்திரையில் பாதி அட்டை அப்படியே கிடக்கிறது. கேட்டால், "உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, போக்கு நின்னா மாத்திரையும் நிறுத்திடலாம்னு" என்கிறாள்.

போக்கு நின்றாலும் பதினான்கு நாளும் கொடுங்கள் என்று வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டை வற்றக் கத்துகிறேன். நீங்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தபடி ஒரே பேச்சில் அதில் மண்ணைப் போடுகிறீர்கள். ராத்திரி கேட்டதற்கு, "நின்னு போனதுக்கு எதுக்குடி மருந்து?" என்று சிரிப்பு வேறு.

இன்று காலை அவள் குழந்தையோடு நம் வீட்டுக்கு வருவாள். ஒரு ஸ்பூன் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்து உங்கள் கையால் ஊட்டுங்கள். "நான் சொன்னது தப்பும்மா, முழுசாக் குடு" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் தலையாட்டுவாள், கடைக்காரர் சொன்னால்தான் கேட்பாள். அந்த வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

குழந்தை கக்கிவிட்டால் இன்னொன்று கரையுங்கள். புது அட்டை ஒன்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சாவி அவளிடம் இருக்கிறது. குழந்தை விழுங்கிய பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்பதாகச் சொன்னாள்.